உதிரிபாகத்துக்கு மட்டும்

ஓடாத வண்டிக்கு எதற்கு மூன்று பூட்டு என்று ஸ்டாத்திஸுக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். கொட்டகைக் கதவில் ஒன்று. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிய சங்கிலியில் ஒன்று. அந்தச் சங்கிலியைச் சுவரில் அடித்திருந்த இரும்பு வளையத்தோடு பிணைத்து இன்னொன்று. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்து, டேங்க் உள்ளே அமுங்கி, ஹேண்டில்பார் இரண்டாக ஒடிந்து கிடந்த மோட்டார் சைக்கிளை எந்தத் திருடன் ஓட்டிக்கொண்டு போவான்? ஆனால் ஆசை பிடித்தவன் கண்ணுக்குப் பூட்டா தெரியும்? மூன்று வருஷமாக அந்த வண்டியைக் கேட்டுக் கேட்டு அலுத்தவன் அவன். கலமாத்தா நகரத்தில் ஐஸ் ஃபேக்டரி வேலைக்கு விடிகாலை பஸ்ஸை நம்பிப் போய், இனி ஒரு நாள் தாமதமானாலும் வீட்டுக்குப் போகலாம் என்று எச்சரிக்கப்பட்டவன்.

அசிமினா ஒவ்வொரு பூட்டாகத் திறந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்ததால் சாவியைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அதற்கும், வாயில் இல்லாத இரண்டு முன்பல்லுக்கும் காரணமான கைகளை ஊரே அறியும். அவள் புருஷன் லாம்ப்ரோஸ் மூன்று வருஷத்துக்கு முன் இதே வண்டியில் பள்ளத்தாக்கு வளைவில் பாறையில் மோதிச் செத்தான். ஊரில் அழுதவர்கள் குறைவு.

"உதிரிபாகத்துக்கு மட்டும்தான்," என்றாள். "பிரிச்சு வித்துக்கோ, உருக்கிக்கோ, என்னவோ பண்ணு. ஒண்ணு சேத்துராத."

"ஒண்ணு சேக்க இதுல என்னக்கா மிச்சம் இருக்கு?"

"சிரிக்காத. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். அவன் நீட்டிய பணத்தைப் பார்க்காமலே மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் மூணு வருஷம் முடியுது. ஊர் வழக்கப்படி குழியத் தோண்டி எலும்ப எடுத்து ஒயின்ல கழுவிப் பெட்டில வச்சிட்டா எனக்கும் அவனுக்கும் கணக்குத் தீந்துது. அதுக்கு முன்னாடி இது என் வீட்ட விட்டுப் போகணும்."

வண்டி வேலை போக மிச்ச நேரத்துக்கு அவன் வைத்திருந்த சிறு பட்டறைக்கு வந்து சேர்ந்ததும் சத்தியம் போன இடம் தெரியவில்லை. ஸ்டாத்திஸ் கெட்டவன் இல்லை. உடைந்ததை உடைந்தபடி விட முடியாத கை அவனுக்கு. அதோடு கொஞ்சம் கஞ்சன். துருப்பிடித்த போல்ட்டைக்கூட மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மறுபடி மாட்டுகிற ஜாதி. முதல் வாரம் ஃபோர்க்கைக் காய்ச்சி நேராக்கினான். இரண்டாம் வாரம் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். முன் பிரேக் கேபிளைக் கழற்றியபோது மட்டும் கை ஒரு கணம் நின்றது. அது விபத்தில் அறுந்த கேபிள் இல்லை. லிவருக்குப் பக்கத்தில், ரப்பர் உறைக்குள் மறைவாக, யாரோ அரம் போட்டுப் பாதிவரை தேய்த்திருந்தார்கள். மிச்ச இழைகள்தான் பிய்ந்திருந்தன. அவனுக்கு அந்த மணிக்கட்டு ஞாபகம் வந்தது. கேபிளைக் கிணற்றில் வீசிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஒடிந்த ஹேண்டில்பாரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மனசே இல்லாமல் ஏதென்ஸுக்கு எழுதிப்போட்டுப் புதிது ஒன்றும், அதன் இரண்டு கைப்பிடியிலும் விரலால் அமுக்குகிற லிவர் இரண்டும் வரவழைக்க ஏற்பாடு செய்தான். அவன் வாழ்க்கையில் புதிதாக வாங்கிய ஒரே உதிரிபாகம் அதுதான்.

எலும்பு எடுக்கும் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை காபிக் கடையில், குழி வெட்டும் கொஸ்மாஸ் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். முப்பது வருஷமாகப் பிணத்தோடு பழகி எதற்கும் ஜோக் அடிக்கிற ஆள், அன்றைக்கு அடிக்கவில்லை.

"சனிக்கிழமைக்குத் தயார் பண்ணலாம்னு லாம்ப்ரோஸ் குழியத் தொறந்தேன்டா. ஒடம்பு கரையல."

"களிமண்ணு. கரையாது. நீங்கதானே சொல்வீங்க?"

"கரையாம இருக்கறது புதுசா எனக்கு? இவனப் பெட்டில வச்சதே நான்தான். வலது காலு முட்டிக்குக் கீழ ரெண்டா ஒடிஞ்சு தொங்குச்சு. பலக வச்சுக் கட்டி உள்ள தள்ளினேன்." கோப்பையின் அடியில் தங்கிய காபி மண்டியையே பார்த்தான். "இப்ப நேரா இருக்கு. உன் காலு என் காலு மாதிரி."

ஸ்டாத்திஸ் சிரித்தான். பாதியில் நிறுத்தினான். அவன் காய்ச்சி நேராக்கிய ஃபோர்க்கில் வலது குழாய்தான் இரண்டாக மடிந்திருந்தது.

அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்கே காட்டத்தான் அன்று மதியம் டேங்கை எடுத்தான். மூன்றிலிருந்து ஐந்து மணிவரை ஊர் உறங்கும் நேரம். ஜன்னல்களெல்லாம் அடைத்து, நாய்கள்கூட சுவர் நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டு மயங்கிக் கிடக்க, எலுமிச்சை இலையின் காய்ந்த வாசனையும் சூடான தாரின் வாசனையும் கலந்து தெருவில் தேங்கி நிற்க, அவன் டேங்கின் வாய்க்குள் வளைத்த கம்பியை விட்டு உள்ளிருந்து மெல்லத் தட்டித் தட்டி ஒடுக்கு எடுத்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு, மூச்சு விடும் நேரம் கழித்து, மலைமேல் கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து அதே தட்டு திரும்பி வந்தது. எதிரொலி என்று முடிவு செய்தான். நிறுத்திப் பார்த்தான். அவன் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கேட்டது.

புதன்கிழமை ஏதென்ஸ் பார்சல் வந்துவிட்டது. குரோம் பூச்சு அப்படிப் பளபளத்தது, பயமெல்லாம் எங்கோ போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மாட்டிவிட்டு ஒரே ஒரு உதை உதைத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் செத்துக் கிடந்த எஞ்சின், இருமல்கூட இல்லாமல், சீராக ஓடியது. குனிந்து கேட்டான். மூக்கடைத்தவன் மூச்சு விடுவது போல உள்ளே ஒரு இழுப்பு இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தான். இழுப்பு நிற்கக் கொஞ்ச நேரமாயிற்று.

வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் கொஸ்மாஸ் துணி மூட்டையோடு நின்றான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. சனிக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு." பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினான். "நேத்துக் காலைல ஒரு தடவ எட்டிப் பாத்தேன். நசுங்கிக் கிடந்த நெஞ்சு மேல வந்திருச்சு. மேல வந்தா பரவால்லடா. எறங்குது. திரும்ப ஏறுது. உளுத்துப்போன மூடியப் போட்டு மேல கல்ல வச்சிட்டு வந்துட்டேன். அசிமினாவுக்கும் சொல்லிட்டேன். நான் எதையும் பாக்கல, ஆமா."

வெள்ளிக்கிழமை மதியம் அசிமினா வந்தாள். முழு உருவமாக நின்ற வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தியம் பண்ணினியேடா, பாவி."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அந்தக் கேபிள... பாத்தேன்க்கா. யார்ட்டயும் சொல்லல."

"அன்னிக்குக் காலைல என் கைய ஒடிச்சிட்டு, காபி போடுன்னான். காபி கொதிக்கற நேரத்துல ஒத்தக் கையால தேச்சேன். வண்டி ஏறும்போது, திரும்பி வந்து மிச்சத்த முடிக்கிறேன்னான்." அவள் அழவில்லை. "அவன் சொன்னா செய்வான். நாளைக்கு மூடியத் தொறந்தா நேரா எங்கிட்டதான் வருவான். இத உடைச்சிரு. இப்பவே. ஒரு ஆணி விடாம."

"உடைக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போய்த் தாழ் போட்டு உக்காருங்க. முடிஞ்சதும் போன் பண்றேன்."

"ஒரு ஆணி விடாம," என்றாள் மறுபடி.

அவள் போனதும் பட்டறை வாசலின் தார்ப்பாயை இழுத்துவிட்டு சம்மட்டியை ஓங்கினான். ஓங்கியவன் இறக்கினான். ஹேண்டில்பார் பளபளத்தது. மூன்று வாரம் காத்திருந்த சாமான். ஒரு கீறல் இல்லை. லாம்ப்ரோஸ் இதைத் தொட்டதுகூட இல்லையே. அவனுடையது ஒடிந்துபோய்க் குப்பையில் கிடக்கிறது. இதற்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? நாலு போல்ட். நாலு நிமிஷ வேலை. கடைசி போல்ட் கழன்றபோது மலைமேலிருந்து ஒரு சத்தம் வந்தது, கோழிக் காலை மூட்டோடு திருகிப் பிரிப்பது போல. அவ்வளவு தூரத்துச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. கேட்காதவன் போல ஹேண்டில்பாரை லிவர்களோடு செய்தித்தாளில் சுற்றி மேஜைமேல் வைத்தான்.

பிறகு அடித்தான்.

முன்விளக்கு சிதறியது. மலைமேல் ஒரு ஆண் அலறினான்.

தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அவனுக்கு மட்டும்தான் கேட்கிறதா? ஃபோர்க்கில் அடித்தான். வளைந்தது. அலறல். டேங்கில் அடித்தான். அவனே தட்டித் தட்டி எடுத்த ஒடுக்கு ஒரே அடியில் திரும்ப விழுந்தது. அலறல் பாதியில் அமுங்கி, குமிழி விடுவது போலக் கொப்பளித்தது. "இது அக்கா கைக்கு," என்றான். அடித்தான். "இது பல்லுக்கு." அடித்தான். எப்போதிலிருந்து சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. எண்ணெய் முழங்கால்வரை தெறித்தது. சூடாக இருந்தது. எஞ்சின் ஓடவே இல்லை. ஆனால் சூடாக இருந்தது. எண்ணெயின் வாசனையும் இல்லை அதில். எஞ்சினில் அடித்தான். அடித்தான். அடித்தான். கடைசி அடியில் சம்மட்டிப் பிடி முறிந்து தலை எங்கோ போய் விழுந்தது.

மலை அமைதியானது.

சுவரிலிருந்த போனை எடுத்து எண்ணைச் சுழற்றினான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முடிஞ்சதுக்கா."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

அவள் அழுதாள். அழுகை நடுவில் சிரிப்பாக மாறியது. அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. சின்னப் பெண் சிரிப்பு போல இருந்தது. அவனுக்கும் கண் கலங்கியது.

முதுகுக்குப் பின்னால் காகிதம் சலசலத்தது.

"கல்லறைக்கே போக மாட்டேன்," என்றாள் அவள். "நாளைக்குக் கடலுக்குப் போறேன். ஒரு நாள் முழுக்க... இரு. கதவப் பூனை பிறாண்டுது."

திரும்பிப் பார்த்தான். செய்தித்தாள் கிழிந்திருந்தது. மேஜைமேல் ஹேண்டில்பார் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இடது லிவர் அமுங்கியது. எழுந்தது. வலது லிவர் அமுங்கியது. எழுந்தது. இடது. வலது.

"அக்கா. தொறக்காதீங்க."

"தொறக்கல. இப்ப ஜன்னல் பக்கம் போயிருச்சு. என்ன இது, பூந்தொட்டிய..."

ஏதோ விழுந்து உடைந்தது.

"ஸ்டாத்திஸ்." அவள் குரலில் காற்றே இல்லை. "கை. கை மட்டும். ரெண்டு கை, மணிக்கட்டோட..."

இரண்டு லிவரும் ஒன்றாக அமுங்கின.

போனை விட்டுவிட்டுப் பாய்ந்தான். சம்மட்டி இல்லை. ஸ்பேனர் எங்கே? நேரமில்லை. விரல்களை லிவருக்குள் நுழைத்து வெளியே இழுத்தான். அது உள்ளே போனது. மேஜையில் காலை உதைத்து இழுத்தான். உள்ளே போனது. தொங்கிக்கொண்டிருந்த போனில் நாற்காலி விழும் சத்தம். தட்டுகள். பிறகு தரையில் குதிகால் உதைக்கும் சத்தம். டக். டக். டக். அவனுடைய இரண்டு விரல்கள் லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டி நொறுங்கின. கத்தினான். விடவில்லை. "வேண்டாம்டா," என்றான், "வேண்டாம், லாம்ப்ரோஸ், வேண்டாம்." டக். டக்.

டக்.

லிவர் பிடியோடு போய் ஒட்டியது. அப்படியே நின்றது. குதிகால் சத்தம் நின்ற பிறகும், ரொம்ப நேரம், அப்படியே நின்றது.

பிறகு மெதுவாகத் தளர்ந்தது.

நொறுங்கிய விரல்களை உருவிக்கொண்டு போனிடம் போனான். "அக்கா?" மெத்தென்று ஏதோ தரையில் குதித்தது. ஓடு பதித்த தரையில் நகங்கள் தட்டும் சத்தம் நெருங்கியது. அந்தப் பக்கம் போன் இழுபட்டது. தூக்கப்பட்டது. பதவிசாக, இருந்த இடத்தில் வைக்கப்பட்டது.

இணைப்பு அறுந்து வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது.

மேஜைமேல் இடது லிவர் அமுங்கியது. எழுந்தது. வலது. இடது. வலது. படி இறங்குவது போல ஒரு தடுமாற்றம். பிறகு சீராக. பிறகு வேகமாக. அவள் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே மூன்று தெரு. மூன்று தெருவிலும் ஜன்னல்கள் அடைத்து ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. கத்த நினைத்தான். யார் காதில் விழும்?

இடது. வலது. இடது.

நின்றது.

தார்ப்பாய்க்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் வெயில். அந்த வெயிலில் தார்ப்பாயின் விளிம்பைப் பத்து விரல்கள் பிடித்துத் தூக்கின. நகங்கள் நீளமாக வளர்ந்திருந்தன. விரல் இடுக்குகளில், பாதி நரைத்த ஒரு பெண்ணின் முடி, கொத்தாகச் சுற்றிக் கிடந்தது.