தேடினால் வராது!

வீரமணியைத் தார்ப்பாயில் அள்ளித்தான் கொண்டு போனார்கள்.

செஞ்சிக்கு வெளியே கல்குவாரி. வெடி போடும் முன் சைரன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பாறை விழுந்தது. சைரன் போடுகிற வேலை பார்த்தவனே அடியில்!

அது நடந்து இருபது நாள்.

இன்றைக்கு எஸ்.ஐ. அன்புக்கரசி குவாரி ஆபீசுக்குள் நுழைந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கிளார்க் சுவாதி எழுந்து ஒதுங்கி நின்றாள். எஸ்.ஐ.க்குப் பின்னால் வந்தவள் அமலா. வீரமணியின் மனைவி. தொண்டூரில் சுவாதிக்கு எதிர்வீடு.

"சைரன் அடிக்க மாட்டேங்குது, வெடி வேணாம்னு ஆபீசுக்கு மெயில் போட்டுட்டேன்னாரு மேடம்," என்றாள் அமலா. "மெயில் போட்ட போனும் அவரோடவே நசுங்கிடுச்சு."

"அப்படி ஒரு மெயிலே வரலியே," ஓனர் ஆனந்தராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "தேடிப் பாத்துக்கங்க. இன்னா இருக்குது மறைக்க?"

எஸ்.ஐ. 'சைரன்' என்று அடித்தார்.

ஒன்றுமில்லை.

'வீரமணி'... ஒன்றுமில்லை.

வராது. வராதபடி செய்ததே சுவாதிதான்!

பாறை விழுந்த அன்று காலை ஒன்பதேகாலுக்கு அந்த மெயில் திரையின் மூலையில் எட்டிப் பார்த்தது. ஆபீஸ் நேரத்தில் திருட்டுத்தனமாகக் குரூப் ஃபோர் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தவள், படிக்காமலே மூடினாள். பதினொன்றுக்கு வெடி. அதற்கப்புறம்தான் திறந்து படித்தாள்; ஓடிப்போய் ஓனரிடம் சொன்னாள்.

"எங்கிட்ட நீ சொல்லலியேம்மா..." ஆனந்தராஜ் அன்றைக்கே மெதுவாகச் சொன்னார். "கேஸ்ல பேர் ஏறினா கவர்மென்ட் வேலை உனக்குக் கனவுதான். உனக்காகத்தான் சொல்றேன். அழிச்சுடு."

அழிக்கக் கை வரவில்லை. அதையும் அதுவரை வந்த, போன மெயில்களையும் மொத்தமாக, பழசைப் போட்டு வைக்கிற ஓர் ஆர்க்கைவ் ஃபைலில் தள்ளினாள். கம்ப்யூட்டர் தேடுவதற்கென்றே ஒரு இன்டெக்ஸ் வைத்திருக்கிறது; அதில் ஏறாததை அது காட்டாது. இன்டெக்ஸ் பட்டியலில் அந்த ஃபைலுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டாள்.

"அழிச்சாச்சு சார்."

இருபது நாளாகச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தாலே இவள் உள்ளே ஓடினாள்.

அமலா இப்போது அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏ சுவாதி, நம்ம தெருவுலயே மொதல்ல டிகிரி முடிச்சவ நீ. நீ ஒருவாட்டி தேடு. நீ தேடினா கிடைக்கும்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்!

"கிடைக்கும் அண்ணி." சுவாதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "மெயில் வந்துச்சு. நான் படிக்கல. படிச்சிருந்தா அண்ணன் இருந்திருப்பாரு. அப்புறம்... நான்தான் மறைச்சேன்."

அமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"டென்ஷன்ல உளறுது மேடம்..." ஆனந்தராஜ் எழுந்தார்.

"உக்காருங்க." எஸ்.ஐ.யின் பார்வை சுவாதி மேல் நின்றது. "மறைச்சதும் குத்தம்தான். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். எழுதிக் கொடுக்கிறேன்."

டிக்கைப் போட்டாள். இன்டெக்ஸ் ஏற ஆரம்பித்தது. எண்ணூறு... இரண்டாயிரம்... நாலாயிரம்...

ஆனந்தராஜ் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார். அது முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

முடிந்தது. மறுபடியும் 'சைரன்' அடித்தாள்.

ஒன்று வரும் என்று நினைத்தாள். இரண்டு வந்தன!

முதலாவது வீரமணி அனுப்பியது. இரண்டாவது... அவனுக்குப் போன பதில். ஆபீஸ் ஐடியிலிருந்து. மணி 9.24.

'சைரன் நாளைக்குப் பாத்துக்கலாம். வெடி நிக்கக் கூடாது.'

அனுப்பிய மெயில்களை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பார்க்காமலே ஃபைலில் தள்ளியிருக்கிறாள்.

சுவாதி மெல்லத் திரும்பினாள். அவள் வாயில் 'சார்' செத்துப்போயிருந்தது.

"உனக்கு அப்பவே தெரியும். இருபது நாளா என்னைக் கொலைகாரியாக்கி வச்சிருந்தியேய்யா..."

ஆனந்தராஜ் அவளைப் பார்க்கவில்லை. வாய் பிளந்து திரையையே பார்த்தார்.

"அது என் போன்ல அடிச்சதாச்சே... இங்க எப்படி வந்துச்சு?"

எஸ்.ஐ. அன்புக்கரசி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆபீஸ் ஐடியாச்சே, யார் அடிச்சதுன்னு கோர்ட்டுல எப்படி நிரூபிக்கிறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். ரொம்ப உபகாரம் சார்... ஜீப்புல முன் சீட்டே உங்களுக்குத்தான்."