‘வாங்கோ’ என்று எழுதியவள்

இந்த முறை கடிதம் ஜன்னல் கம்பியின் உள்பக்கம் செருகியிருந்தது.

சிவகௌரி கையில் சோற்றுக் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டபம் அகதி முகாமில் நல்ல உச்சிவெயில். கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டித் தட்டி அலுத்து, கருவாட்டு வாடையையும் பாசி நாற்றத்தையும் வீட்டுக்குள் தள்ளிவிட்டுச் சட்டென்று நின்றுபோயிருந்தது. கதவு உள்ளே தாழிட்டபடிதான் இருந்தது.

அவள் கணவர் ஏரம்பமூர்த்தி இலங்கையின் வன்னியில் ஒரு படையணியின் தளபதி. சண்டைக்காலத்தில் அவர் கடிதங்களுக்கு முத்திரை ஏது, தபால்காரர் ஏது? யாரோ முகம் காட்டாமல் படகில் கொண்டுவந்து, வெளியிலிருந்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவார்கள். பதிலை அங்கேயே வைத்தால் விடிவதற்குள் போயிருக்கும். போர் முடிந்து, ஊரே அவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்த பிறகும் கடிதம் நிற்கவில்லை. எழுத்து அவருடையது. கவலையும் அவருடையதுதான்: பெடியளுக்கு, அவருடைய படைப் பையன்களுக்கு, சாப்பாடு போதவில்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை. அதனால்தான் அவள் பொட்டை அழிக்கவில்லை. பதினேழு வருடத் தனிமையில் அவளுக்கென்று இருந்த ஒரே துணை அந்தத் தாள்கள். ஒவ்வொரு பதிலையும் ஒரே சொல்லில் முடிப்பாள்: வாங்கோ.

காலையில்தான் கனடாவிலிருந்து தர்சிகன், அவருடைய பழைய மெய்க்காவலன், போனில் அழுதிருந்தான்.

“அக்கா, கடைசி நாளில அண்ணையை நான்தான் புதைச்சனான். களப்புக் கரையில, சேத்துக்குள்ள. இவ்வளவு காலமும் சொல்லத் துணிவில்லை.”

அவள் நம்பவில்லை. நம்பினால் அவளுக்கு என்ன மிஞ்சும்? “போன கிழமையும் கடிதம் வந்தது தம்பி,” என்றாள். அவன் “பதில் என்னெண்டு போட்டனீங்கள்?” என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னதும் போனை வைத்துவிட்டான்.

ஏன் வைத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. போன மாதம் ஓர் இழவு வீட்டில் கிளம்பும்போது வாய் தவறி “வாறன்” என்றுவிட்டாள். கூட வந்த உள்ளூர்க்காரி முருகலட்சுமி நறுக்கென்று கிள்ளினாள். “ஏத்தா, எழவு வீட்டுல வாரேன்னு சொல்லுவாகளா? பேசாம எந்திரிச்சு வரணும். செத்தவுகளோட நமக்கென்ன வா-போ பேச்சு?” சிவகௌரியின் ஊரிலும் அதே வழக்கம்தான். பதினேழு வருடமாகச் செத்தவருக்கு அவள் ‘வாங்கோ’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை உருவினாள். ஈரம். ஒரே வரி.

‘வந்திட்டன்.’

அடுப்படியில் சேற்று வாடை. முதுகுக்குப் பின்னால் ஓர் ஈர மூச்சு. அவள் திரும்பவில்லை. திரும்ப ஆசையாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“கௌரி.”

அவர் குரல். அதே குரல்.

போங்கோ என்று சொல்லவேண்டும். ஒரே சொல்.

“சாப்பிட்டனீங்களே?” என்று கேட்டுவிட்டாள்.

“எனக்கு வேண்டாம். பெடியள்தான் பாவம். அவையளுக்கு வாங்கோ எண்டு எழுத ஒருத்தருமில்லை. நீர் ஒருக்காச் சொல்லும்.”

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. ஏறிட்டாள்.

தெரு முழுக்க. அணிவகுப்பாக. அந்த வெயிலில், நிழல் விழாமல். நூறு பேர். இருநூறு பேர். உடம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, வாய் நிறையச் சேறு அடைத்தபடி, அத்தனை முகங்களும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றன.