கபிரியேலின் தகரம்

மூணாறில் ஜீப் ஏறியதும் நகைச்சுவை நாவரசு ராஜசேகர் கேட்ட முதல் கேள்வி, போர்த்தப்போகும் பொன்னாடை பட்டா, கதரா என்பதுதான். சித்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்பில் யாரும் சிரிக்காத ஜோக்குகளுக்குக் கல்யாண மண்டபங்களில் சிரிப்பு வருவதைக் கண்டுபிடித்த பிறகு மேடையேறினார். நாவரசுப் பட்டத்தைக் கொடுத்த மன்றத்துக்கு அவருடைய மைத்துனர்தான் தலைவர்.

"பட்டா கதரான்னு தெரியல சார்," என்றார் டிரைவர் மாரீஸ்வரன். "போன மாசம் ஒரு சினிமாக்காரருக்குப் பூந்துண்டு போத்துனாவ. குளிர் தாங்காம தலகாணி உறையக் கழட்டிக் கழுத்துல சுத்திக்கிட்டாரு."

ராஜசேகர் தன் மப்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நீலிப்பாறை எஸ்டேட்டில் ஒரு காலத்துப் பெரிய துரையின் பங்களா இப்போது சுற்றுலா விடுதி. வாசல் தூண்களுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் பெயிண்ட் வாசனை. அதற்கடியில் யூகலிப்டஸ் தைலம். அதற்கும் அடியில், மழையில் கிடந்த இரும்பின் வாடை. மூன்றாவது வாடை மட்டும் ஹாலுக்குள் போகப் போகக் கூடியது.

"வாங்க சார், நம்ம ஹீரோவப் பாருங்க," என்று கூட்டிப்போனாள் மேனேஜர் டின்டு.

ஹீரோ சுவரில் படுத்திருந்தது. நீளமான இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலின் வாய், தேயிலைச் சரிவைப் பார்த்த பெரிய ஜன்னலின் பக்கம். கீழே பித்தளைத் தகட்டில் பெயர்: ஒத்தவெடி.

கதை ராஜசேகருக்கு ஏற்கெனவே மனப்பாடம். புதுப்பித்த ஹாலின் அன்றைய திறப்பு விழாவில் அதைச் சொல்லத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களை ஒரு புலி தூக்கிப்போக ஆரம்பித்தது. துரை ஆட்களைக் கூப்பிட்டுக் கழுத்தில் ஆளுக்கொரு தகரத்தைக் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டு, சரிவின் மூன்று பக்கமும் நிறுத்தி அடிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் சத்தமில்லாமல் விட்டார். அங்கே துப்பாக்கியோடு அவர் உட்கார்ந்தார். சத்தத்துக்குப் பயந்த மிருகம் சத்தமில்லாத பக்கம்தானே ஓடிவரும்? ஆனால் கபிரியேல் என்றொருவன் பயந்து, தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினான். புலி அவனை அடித்தது. துரை ஒரே வெடியில் புலியை வீழ்த்தினார். அந்த வெற்றியின் நினைவாக, தான் உட்கார்ந்த அதே இடத்தில் இந்த ஹாலைக் கட்டினார்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் வேறு கதை இருந்தது. புலியே வரவில்லை, அந்த ஒரு வெடி கபிரியேல்மேல் பட்டது, புலித்தோல் அப்புறம் விலைக்கு வாங்கியது என்று. விடுதிக்காரர்கள் அச்சடித்த விளம்பரத் தாளில் அதற்கு இடமிருக்கவில்லை.

"வெடிக்குமுங்களா?" என்று கேட்டார் ராஜசேகர்.

"ரெண்டு குழலும் ஈயம் ஊத்தி அடைச்சது சார். கொசுகூடச் சாகாது."

துப்பாக்கிக்குக் கீழே, ஆணியில் ஒரு சதுரத் தகரம் தொங்கியது. 'புலியின் நகம் பட்ட தகரம்' என்றது அட்டை. டின்டு போன பிறகு ராஜசேகர் கிட்டப் போய்ப் பார்த்தார். நடுவில் ஓர் ஓட்டை. சுண்டு விரலை விட்டார். கச்சிதமாகப் போனது.

வட்டமான ஓட்டை.

விளிம்பு உள்நோக்கி மடங்கியிருந்தது. தகரத்தைக் கட்டிய கயிறு அறுபடாமல், முடிச்சு அவிழாமல், இன்னும் அதிலேயே இருந்தது. தகரத்தைப் போட்டுவிட்டு ஓடியவனின் தகரம் இப்படியிருக்காது. நெஞ்சில் தகரத்தோடு, துப்பாக்கிக்கு நேர்முகமாக நின்றவனுடையதுதான் இப்படியிருக்கும். இதைப் புரிந்துகொள்ள நாவரசுப் பட்டமெல்லாம் தேவையில்லை.

அவர் விரலை உருவிக்கொண்டார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார்.

சமையலறை வாசலில் டீத்தட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், சேலைக்கு மேல் ஸ்வெட்டர்.

"நாந்தான் சார் இங்க சமையல். கத்தரீனாள். அது எங்க தாத்தாவோட தகரம்."

ராஜசேகர் டீயை எடுத்துக்கொண்டார்.

"ஒரு காரியம் கேக்கணும் சார். நீங்க பேசும்போது அந்தப் பயந்து ஓடுன கதைய மட்டும் விட்ருங்க. துரை பெரிய ஆளுன்னு எம்புட்டு வேணும்னாலும் சொல்லுங்க. அந்த ஒரு வரி வேண்டாம்."

"அது பழைய கதை தானுங்களேம்மா?"

"லயத்துல இன்னும் எங்க வீடு தகரம் போட்டான் வீடுதான் சார். எம் மகன் ஜோமோன் யானை வெரட்டுற வாச்சர் வேலைக்குச் சேந்திருக்கான். யானை இறங்குனா வரிசையா நின்னு சத்தம் போட்டு வெரட்டணும். அவன் பக்கத்துல நிக்க ஆள் இல்ல. 'தகரம் போட்டான் வீட்டுப் பய, எப்ப ஓடுவானோ'ங்குதாவ. இன்னொருக்கா அவன லைன்ல இருந்து விலக்குனா வேலையே போயிரும். இன்னைக்கு அந்த வாச்சர்மாருங்க எல்லாம் விழாவுக்கு வாராவ."

ராஜசேகருக்கு விரல் நுனியில் தகரத்தின் சில்லிப்பு இன்னும் இருந்தது.

"சத்தியமா சொல்ல மாட்டனுங்க. நீங்க நிம்மதியா போங்கம்மா," என்றார். சொல்லும்போது அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

விழா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே ஹாலில். பொன்னாடை பாலியெஸ்டர். ராஜசேகர் துப்பாக்கிக்கு முன்னால் நின்று பேசினார். சித்தூர்ப் பக்கத்தில் நம்பிச் செலவழிக்கக்கூடிய மாமியார் ஜோக்கை முதலில் எடுத்துவிட்டார். விடுதியின் விருந்தாளிகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை வியாதி ஜோக்கைச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்திருக்கலாம். பின்வரிசையில் காக்கிச் சட்டைகளில் வாச்சர்கள். ஓரத்தில், பக்கத்து நாற்காலி காலியாக, ஒரு பையன்.

மேடையில் சிரிப்பு வராத மனிதனின் நெஞ்சு வறண்டுபோகும். நாக்கு தானாகவே ஈரத்தைத் தேடிப் போகும்.

"புலிக்குப் பயந்து எல்லாரும் தகரம் தட்டுறாங்க. நம்ம கபிரியேல் மட்டும் என்ன பண்றாரு? தகரத்தக் கழட்டிப் புலிகிட்டக் குடுத்து, 'நீயே தட்டிக்க சாமி, எனக்கு ஊட்ல வேலை இருக்குது'ங்கறாரு!"

பொன்னாடையை வேட்டிபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே ஓடிக் காட்டினார்.

ஹால் வெடித்தது. கொட்டாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைத்தட்டல் மூன்று பக்கத்திலிருந்தும் வந்து மோதியது. ராஜசேகர் இன்னொரு முறை ஓடிக் காட்டினார்.

சமையலறை வாசலில் கத்தரீனாள் தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஓரத்துப் பையனும் சிரித்துக்கொண்டிருந்தான். கூட இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக, வாயை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு.

இடைவேளையில் எல்லோரும் முன்புறப் புல்வெளிக்கு டீ குடிக்கப் போனார்கள். டீ வாங்கச் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ராஜசேகர் பின்கதவு வழியாக, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, தேயிலைச் சரிவில் இறங்கினார்.

வெயில் இருந்தது. பங்களாவின் ஓடுகள் மின்னின. இரண்டு வளைவு திரும்புவதற்குள் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிவிட்டது. மலையில் அது சாதாரணம். தன் செருப்பே தெரியாத அளவுக்கு இறங்கியதுதான் சாதாரணமில்லை.

நின்றார்.

இடதுபக்கம் தூரத்தில் தகரம் தட்டும் சத்தம்.

யானையை விரட்டுகிறார்கள் என்று நினைத்தார். வாச்சர்கள் எல்லோரும் புல்வெளியில் டீ குடித்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வலதுபக்கமும் கேட்டது. கீழே, சரிவின் அடியிலும், கேட்டது. டப், டப், டப். அவசரமில்லாத அடி. ஒவ்வொரு அடிக்கும் சத்தம் ஒரு செடி தள்ளிக் கிட்ட வந்தது. தேயிலை சரசரத்தது. யாரோ இருமினார்கள். ஈரக் கம்பளியின் வாடை.

"யாருங்க அது?" என்றார். மேடையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல், உதட்டைத் தாண்டவில்லை.

டப். டப். டப்.

அவர் ஓடினார். பொன்னாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையில் ஓடிக் காட்டிய அதே மாதிரி ஓடினார். எந்தப் பக்கம் என்று யோசிக்கவேயில்லை. சத்தமில்லாத பக்கம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம்.

மூன்று பக்கச் சத்தத்தையும் நாலாவது பக்கத்து மௌனத்தையும் சற்று முன்தான் மேடையில் கையை விரித்து விளக்கியவருக்கு, அது உறைக்கவேயில்லை.

தகரங்கள் நின்றன.

எதிரே மஞ்சில் ஓர் ஆள் நின்றான். தலையிலிருந்து கம்பளி தொங்கியது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மௌனத்துக்கு நேராக நின்றான். அவர் முட்டிக்கொள்ளாமல் நிற்பதற்குள் மூன்றடி இடைவெளிதான்.

அந்த முதுகின் நடுவே இருந்த ஓட்டையில் மஞ்சு ஒரு நூலாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இங்கிட்டு வராதீக அய்யா," என்றது குரல். திரும்பாமல். ரகசியம்போல. "துரை இங்கனதான் இருக்காரு."

ராஜசேகர் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல் பத்து இலக்கணக் குறிப்போடு அவருக்குத் தெரியும். வரவில்லை.

"எம் பின்னால நில்லுங்க."

வெடித்தது.

ஒரே வெடி. அந்த ஆள் அசையவில்லை. ஓடவில்லை. நெஞ்சில் தகரம் ஒருமுறை 'ணங்' என்றது. தீபாவளிக் காலை மாதிரி கருமருந்து வாசம் அவர் முகத்தில் அடித்தது.

மஞ்சு விலகியபோது ராஜசேகர் பங்களாவின் ஹால் ஜன்னலுக்கு நேர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் விரிசல்கூட இல்லை. உள்ளே சுவரில் துப்பாக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே யாருமில்லை. வேட்டி நனைந்திருந்தது, மஞ்சினால் என்று சொல்லிக்கொள்ள அவரால்கூட முடியவில்லை.

சமையலறைக்குப் பின்வாசல் இருந்தது. கத்தரீனாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து நீட்டினாள். அந்தத் துண்டை வாங்கியதுபோல் ஒரு கேவலத்தை அவர் அதுவரை வாங்கியதில்லை.

"வெடிச் சத்தம் கேட்டுச்சுங்களா?"

"இல்லியே சார்."

"நான் பாத்தனுங்க. அவர..." வெளியே சரிவைக் காட்டினார். "எனக்கு முன்னால நின்னாருங்க."

கத்தரீனாள் குழாயை மூடினாள். வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். இவ்வளவுக்கும் பிறகு இதுவும் ஒரு ஜோக்கோ என்று தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தேட வைத்தவர் அவர்தான்.

"நின்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"நின்னாருங்க. ஓடுனது நானுங்க."

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய?" அவள் குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியுமே. சிரிச்சவுக அங்கல்லா உக்காந்திருக்காவ."

இடைவேளை முடிந்து கூட்டம் ஹாலுக்குத் திரும்பியிருந்தது. அழைக்காமலே ராஜசேகர் மைக்கை எடுத்தார். இடுப்பில் சமையலறைத் துண்டு. அதைப் பார்த்ததும் முன்வரிசை அப்போதே சிரிக்கத் தொடங்கியது.

"நான் பொய் சொல்லிப்போட்டனுங்க," என்றார்.

சிரித்தார்கள்.

"கபிரியேல் ஓடல. அந்தத் தகரத்துல இருக்கறது குண்டு போன ஓட்டை. எனக்குக் காலையிலயே தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்."

"அடுத்தது என்ன வரும் பாரு," என்றார் கொட்டாவிக்காரர், மனைவியிடம்.

"மஞ்சுக்குள்ள நான் ஓடுனேன். பயந்து ஒண்ணுக்குப் போயிட்டேன். அவரு எனக்காக நின்னாரு. சத்தியமாச் சொல்றனுங்க!"

சத்தியம் என்றதும் ஹால் வெடித்தது. அவர் அழுதார். அழுகை தத்ரூபமாக இருக்கிறது என்று கைதட்டினார்கள். இத்தனை வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயர், உண்மை சொல்லவேண்டிய ஒரே நாளில் அவர் வாயை அடைத்துவிட்டது.

கைத்தட்டல் கூடியது. மூன்று பக்கமும்.

டப். டப். டப்.

முதுகுப் பக்கம் மட்டும் சத்தமில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று ராஜசேகருக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை.

பின்வரிசை ஓரத்தில் ஜோமோன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான். அவன் அவரைப் பார்க்கவுமில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்தான். பக்கத்து வாச்சர் ஒருவன் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தான். அவன் கைகள் தட்டுவதை நிறுத்தின. காலியாயிருந்த நாற்காலியைத் தாண்டி, ஜோமோனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்போதுதான் ராஜசேகர் திரும்பினார்.

துப்பாக்கி அதன் இடத்தில் படுத்திருந்தது. குழல் வாய்களில் ஈயம் அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே, காற்றில்லாத ஹாலில், தகரம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. துருவேறிய பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. வட்டமாக, விளிம்பு உள்நோக்கி மடங்கி, இப்போதுதான் வெட்டியதுபோல் வெள்ளையாக மின்னியது.