மணிக்கு ஒரு தடவை சடசட

குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் சின்னது, பேச்சு குத்தும் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது.

இருவரும் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கடிகாரம் செய்திருந்தார்கள். பழைய பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டிய பலகைதான் அது. அதில் பொத்தான் அளவில் நூற்றுத் தொண்ணூற்றாறு தகடுகள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மஞ்சள். மஞ்சள் புள்ளிகள் சேர்ந்து மணி காட்டும்.

நிமிடம் மாறும்போதெல்லாம் அத்தனை தகடுகளும் மஞ்சளாகி, கறுப்பாகி, பிறகுதான் எண்ணாக நிற்கும். தகரக் கூரையில் மழை விழுவதுபோல் சடசடவென்று கேட்கும். குண்டூசிக்கு அந்தச் சத்தம் என்றால் உயிர்.

அம்மாவுக்கோ அதே சத்தத்தால் உயிரே போவதுபோல் இருந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது அவர் வேலை. வீட்டில் இருப்பது ஒரே கூடம். மைக்கும் அங்கேதான், கடிகாரமும் அங்கேதான்.

“நம் இதயம் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை...” என்று அம்மா தொடங்குவார். சடசடசட. மறுபடி முதலிலிருந்து.

“காலையிலேர்ந்து இதயத்தையே தாண்ட முடியல,” என்றார் அம்மா. “திங்கக்கிழமை அந்தப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. சாயங்காலம் இது பரண்ல இருக்கணும்.”

அணைத்து வைக்கலாம் என்றால், அம்மாவின் வேலை நாள் முழுக்க நடக்கும். ஓடாத கடிகாரம் எதற்கு? அம்மா சொன்னதில் நியாயம் இருந்ததால் குண்டூசிக்கு அழுகையாக வந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணக்கு நோட்டை எடுத்தாள். கட்டங்களில் புள்ளி வைத்து எண்களை வரைந்து பார்த்தாள். பிறகு நோட்டோடு அண்ணனிடம் ஓடினாள்.

“அண்ணா, அஞ்சு ஆறாகணும்னா எத்தனை தகடு புரளணும்?”

“எல்லாந்தான்.”

“ஒண்ணே ஒண்ணு. இங்க பாரு.”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “சரிதான். ஆனா ரொம்ப நேரம் புரளாம இருந்தா தகடு சிக்கிக்கும். அதனாலதான் எல்லாத்தையும் புரட்டுறேன்.”

“அதை மணிக்கு ஒரு தடவை செய்யேன். மத்த நேரம் மாற வேண்டியது மட்டும் மாறட்டும்.”

“இது எனக்குத் தோணாமப் போச்சே,” என்று முனகிக்கொண்டே, கடிகாரத்தை ஓட்டும் நிரலை மாற்ற அண்ணன் கணினியைத் திறந்தான்.

மூன்று மணிக்குப் பிறகு அம்மா மறுபடி வாசிக்க உட்கார்ந்தார். குண்டூசி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று ஐந்து, மூன்று ஆறானது. ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதுவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான். அம்மாவின் குரல் நிற்கவில்லை. இதயம் முடிந்தது. நுரையீரல் முடிந்தது. இரைப்பையும் முடிந்தது. அப்பாடா என்று குண்டூசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா புத்தகத்தை மூடினார். “கடிகாரம் நின்னுபோச்சா?”

“ஓடுதும்மா. நீதான் கவனிக்கல.”

அம்மா திரும்பிப் பார்க்கவும் மணி நான்காகவும் சரியாக இருந்தது. சடசடசடசட.

“அப்போ இது என்ன?”

“இது மணிக்கு ஒரு தடவைதான். அந்த நேரம் நீ ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கோம்மா. தொண்டை காயுதுல்ல?” குண்டூசி எழுந்து ஓடி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

“சரி, கடிகாரம் இங்கயே இருக்கட்டும். ஆனா அஞ்சு மணிக்குத் தண்ணி வேணாம், டீ கொண்டு வா.”