மார்கழித் தீனி

புழக்கடைக் குட்டையில் பெரியசாமி குப்புறக் கிடந்ததை முதலில் பார்த்தவன் லோகேஷ். கையிலிருந்த நல்லதண்ணீர் கேனைப் போட்டுவிட்டு உள்ளே குதித்தான். இடுப்பளவுத் தண்ணீர்தான். தூக்கினான்; உடம்பு சில்லிட்டிருந்தது. அவன் கத்திய கத்தலில் தோணிரேவு ஊரே ஓடி வந்தது. அதுவே அவனுக்கு வினையாயிற்று.

எஸ்.ஐ. ஹேமாவதி வந்தபோது லோகேஷ் முருங்கை மரத்தில் கட்டப்பட்டிருந்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"யார் கட்டினது? அவுத்து விடுங்க."

"இன்னா மேடம் இப்படிச் சொல்றீங்க?" பக்கத்து வீட்டு வசந்தா பாய்ந்தாள். "பொணத்த கட்டிப் புடிச்சினு நின்னான். ஏரியில கையால எறா தடவிப் புடிக்கிறவன், இவரு பொண்ணக் கேட்டான். அவரு தர மாட்டேன்னாரு. வேற யாரு செஞ்சிருப்பா?"

ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? ஹேமாவதி தானே கட்டை அவிழ்த்துவிட்டுக் குட்டையருகே குனிந்தாள். செங்கல் வைத்துப் பூசிய குட்டை. தீனி உருண்டைகள் ஊறி உப்பி மேலே மிதந்தன. தங்க மீன்கள் அடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட மேலே வரவில்லை. ஓர் உருண்டையை எடுத்து முகர்ந்தாள். பூசண நாற்றம் அடித்தது. கொல்லை ஜன்னலில் ஒரு நீல டப்பா மூடியில்லாமல் இருந்தது.

பிணத்தின் பின்மண்டையில் ஆழமான அடி. எப்போது விழுந்த அடி என்று இந்தப் பனியில் உடனே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ராத்திரியாகவும் இருக்கலாம், விடிந்த பிறகாகவும் இருக்கலாம்.

திருப்பாலைவனத்தில் அத்தை வீட்டில் இரவு தங்கியிருந்த மகள் நிவேதா அலறிக்கொண்டு வந்தாள். அப்பா காலடியில் விழுந்தவள், லோகேஷின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் அவன் முன்னால் நின்றுகொண்டாள்.

"இவன் மேல எவனாவது கைய வச்சீங்க, கொன்னுடுவேன். நைனா சம்மதிச்சுட்டாரு. இந்த வூட்டையும் எங்க பேருக்கு எழுதறேன்னாரு. அத சொல்லத்தான் சித்தப்பாவ வரச் சொன்னாரு."

"இந்த மீனெல்லாம் அப்பா வளர்த்ததா?" என்று ஹேமாவதி மெல்லக் கேட்டாள்.

"பெத்த பொண்ணு எனக்கே அவ்ளோ பார்த்ததில்ல மேடம்." அழுகைக்கு நடுவே பேச்சு வந்தது. "வெயில் காலத்துல தண்ணி சூடாவறதுக்குள்ள விடியகாத்தால தீனி போடுவாரு, மேல கீத்துப் பந்தல் போடுவாரு. மழையில குட்டை ரொம்பி மீன் போயிடும்னு சுத்தி வலை கட்டுவாரு. பனி வந்தா உச்சி வெயிலுக்குக் காத்துனு இருந்து ஒரு சிட்டிகை போடுவாரு, அவ்ளோதான். கிணறு உப்புன்னு லோகேஷ்தான் தினம் நல்லதண்ணி கொண்டாந்து ஊத்துவான்."

"தீனி எங்கே இருக்கும்?"

"இப்பவா? பனியில நமுத்துப் போவும்னு சமையல்கட்டுல, அடுப்புக்கு மேல."

ஹேமாவதி போய்ப் பார்த்தாள். டப்பா இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே தீனி மொறுமொறுவென்று உலர்ந்திருந்தது.

அதற்குள் பெரியசாமியின் தம்பி முரளி பாதி வழியிலிருந்து திரும்பி, மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். காசிமேட்டு விசைப்படகில் வேலை. நேற்றிரவு அண்ணனோடு வீட்டில் இருந்தவன் இவன் ஒருவனே. முதல் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் பத்துப் பேர்.

"கடைசியா அண்ணனை எப்போ பார்த்தீங்க?"

"கெளம்பறப்போ மேடம். இன்னும் சரியா விடியல. குட்டையாண்ட நின்னு மீனுக்குத் தீனி போட்டுனு இருந்தாரு. வரேன்னேன். தலையாட்டினாரு பாவி மனுசன்!"

"எந்த டப்பால இருந்து?"

"ஜன்னல்ல இருக்குமே, நீல டப்பா. எப்பவும் அதுதான்."

"எப்பவுமா? நீங்க எப்போல்லாம் இங்க வருவீங்க?"

"மீன்புடித் தடைக்காலத்துல. ரெண்டு மாசம் படகெல்லாம் கரையில கெடக்குமே, அப்போ இங்கதான் இருப்பேன்."

சித்திரை, வைகாசி. நல்ல கோடை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"கேளுங்க முரளி." ஹேமாவதியின் குரல் உயரவில்லை. "நீங்க பார்த்தது வெயில்காலத்து அண்ணனை. மார்கழியில அவர் விடிகாலையில தீனி போட மாட்டார். குளிர்ல மீன் தின்னாது, தின்னாலும் செரிக்காது. அந்த நீல டப்பா கோடையில மிஞ்சினது, பூசணம் பிடிச்சது. மீனை உயிரா நினைச்சவர் அதைப் போடுவாரா? நல்ல தீனி அடுப்புக்கு மேல மூடின மூடியோட இருக்கு. அது லோகேஷுக்குத் தெரியும், நிவேதாவுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அண்ணனை ராத்திரியே அடிச்சுக் குட்டையில தள்ளிட்டு, விடியற வரைக்கும் உயிரோட இருந்தார்னு காட்டத் தீனிய வாரி எறிஞ்சிருக்கீங்க."

முரளியின் கை மாரிலேயே நின்றுவிட்டது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கப்பன் கட்டின வூடு," என்றான் முரளி, தரையைப் பார்த்தபடி. "எவனோ ஒருத்தனுக்கு எழுதுவானா?"

நிவேதா அவனை அடிக்கவில்லை. கிட்டே வந்து நின்றாள்.

"வருசா வருசம் வந்து குந்தித் தின்னுட்டுப் போனியே சித்தப்பா. ஒரு மார்கழிக்காவது வந்து எங்க நைனாவாண்ட உக்காந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

முரளியை ஜீப்பில் ஏற்றினார்கள். லோகேஷை அடித்த கூட்டம் அவன் முகத்தைப் பார்க்காமல் நழுவியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. வலையை எடுத்து, நாறிய தீனியைத் தண்ணீரிலிருந்து அரித்துக்கொண்டிருந்தான்.

பிணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி இன்னும் திரும்பி வரவில்லை. உச்சி வெயில் குட்டைக்குள் இறங்கியது. நிவேதா அடுப்புக்கு மேலிருந்த டப்பாவை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை போட்டாள். மீன்கள் மேலே வந்தன. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.