எழுத்தில தாரும் டாக்டரே!

போன் அடித்துக்கொண்டே இருந்தது...

துபாயில் இருந்த கணவன் அனில்குமார் எடுக்கவில்லை.

ஏழாவது முறை!

ஸ்ரீகலா செல்லைத் தலைமாட்டில் வைத்தாள். வயிற்றில் தடவிய ஜெல் சில்லிட்டது. பன்னிரண்டு வாரக் கர்ப்பம். குளத்தூரில் ரப்பர் மரங்களுக்குள் பதுங்கிய வீடு. போர்டு கிடையாது. 'ஸ்கேன்' மட்டும் உண்டு.

பக்கத்தில் மாமனார் சிவதாணு. ரிட்டயர்டு ஹெட் கிளார்க். தலைமுறை தலைமுறையாய் சர்க்கார் உத்தியோகக் குடும்பம் என்பார், கேட்காதவரிடமும். அவர் சட்டைப் பையில் ஒரு மாத்திரை.

உள்ளே இருப்பது பெண் என்றால்... அது ஸ்ரீகலாவின் வாய்க்கு!

'டாக்டர்' ரெத்தினதாஸ் திரையைக் காட்டினான். ஒரு குழந்தை நெளிந்தது.

"பெண்ணாக்கும் சாரே."

சிவதாணுவின் முகம் சுருங்கியது.

"வாயால சொன்னா செல்லாது வேய். எழுத்தில தாரும்!"

"எழுத்திலயா! ஆணா பெண்ணான்னு சொல்லுததே குற்றம் சாரே. இது கள்ளத்தனமாக்கும்!"

"கள்ளத்தனத்துக்கும் ஒரு முறை உண்டு வேய்! நாளைக்கு நீரு மாத்திப் பேசினா? முப்பத்திரெண்டு வருச சர்வீசில கையொப்பமில்லாத ஒரு துண்டுச்சீட்டை நான் தொட்டதில்ல."

அவரே எழுதினார். பொருள், பார்வை, தேதி... எல்லாம் முறையாக!

'கருவிலிருப்பது பெண் எனத் தெரிவிக்கப்பட்டபடியால், கலைப்பு மாத்திரை கொடுக்கச் சம்மதிக்கிறேன்.'

கையெழுத்து. அதன் கீழே பழைய பதவி. ரெத்தினதாஸும் ஒரு கையால் ஸ்கேன் கருவியை அவள் வயிற்றில் பிடித்தபடியே, மறுகையால் கையொப்பமிட்டான்.

"வாயத் தொற மக்கா."

"மாமா... இது நம்ம வீட்டுக் குழந்தையில்லியா?"

"தொறக்கச் சொன்னேன்!"

அந்த அறையில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

ஸ்ரீகலா இருமினாள். இரண்டு முறை. கொஞ்சம் சத்தமாகவே!

கதவு படாரெனத் திறந்தது! வெளியே முனகிக்கொண்டிருந்த நிறைமாதக் கர்ப்பிணி உள்ளே பாய்ந்தாள். நைட்டிக்குள்ளிருந்து தலையணையை உருவி எறிந்தாள்.

"எஸ்.ஐ. பிந்து. அந்த மாத்திரைய இங்க தாருங்க சாரே."

ரெத்தினதாஸின் கையிலிருந்த ஸ்கேன் கருவி நழுவித் தரையில் விழுந்தது.

திரையில் குழந்தை நெளிந்துகொண்டே இருந்தது!

"அது வீடியோவாக்கும் மாமா," என்றாள் ஸ்ரீகலா. "நீங்க இங்க கூட்டிவரப் போறது தெரிஞ்சு, முந்தாநாள் தனியா பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில ஸ்கேன் எடுத்தேன். 'கூட யாரு வந்திருக்கா'ன்னு நர்சம்மா கேட்டாவ. ஒருத்தருமில்லன்னேன். பொறவு டாக்டரம்மா திரையைக் காட்டினாவ... உள்ள ரெண்டு பேரு உண்டு. அங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்!"

சிவதாணு வேட்டியைச் சரிசெய்து நிமிர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது! ஆதாரம் உண்டா?"

பிந்து மேசையிலிருந்த தாள்களைப் பிரித்தாள். சிரித்தாள்.

"கார்பன் காப்பியும் சேர்த்தாக்கும் எழுதியிருக்கீங்க சாரே. கோர்ட்டுக்கு ஒண்ணு... ஜெயில்ல வாசிக்க உங்களுக்கு ஒண்ணு!"