அரை நொடிப் பார்வை

மதுரை வடிவுரிமை மன்றத்தின் படிகளில் சேவுகப்பெருமாள் தடவித் தடவி ஏறினார். அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் வடிவமைப்பாளர் என்று உரிமம் வாங்கிய எவரும் கண்மறைப்பி இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. முகத்தோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்புப் பட்டையைப் பதினோரு வருடமாக அவர் பொது இடத்தில் கழற்றியதே இல்லை. அடுத்தவர் செய்த பொருள் கண்ணில் பட்டால் பிழைப்பு போயிற்று என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காலம் அது.

"இன்னும் ஏழு படி இருக்குண்ணே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் வக்கீல் மரகதவல்லி.

"என்ன வக்கீலம்மா, கை இப்படி வேர்க்குது? பயப்பட வேண்டியவன் நானு."

அவள் பிடியை இறுக்கி அவரை அடுத்த படிக்கு ஏற்றினாள்.

வழக்கு ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பற்றியது. மனைவி பேச்சி வருடக்கணக்கில் தண்ணீர் லாரிக்கு நடந்து நடந்து இடுப்பில் காய்த்துப்போன தழும்பைப் பார்த்து, இடுப்பு பதிகிற இடத்தில் உள்வாங்கிய குடம் ஒன்றைச் சேவுகப்பெருமாள் செய்திருந்தார். சென்னைக் கம்பெனி ஒன்று அதே வளைவை நான்கு வருடம் முன்பே பதிந்து வைத்திருந்தது. இடுப்பு எல்லோருக்கும் ஒன்றுதானே, வளைவும் ஒன்றாக வராமல் எங்கே போகும்? பார்க்காமல் செய்தார் என்று நிரூபித்தால் குடம் அவருக்கு. பார்த்திருந்தால் அச்சு உடைக்கப்படும், உரிமம் போகும், சாகும்வரை ஒரு கோடுகூடப் போடக்கூடாது.

நிரூபிப்பது சாட்சிகள் வேலை இல்லை, கண்தடமானியின் வேலை. தலையில் மாட்டிக்கொண்டு படத்தைக் காட்டினால், மூளை அதை முன்பே அறியுமா என்று அந்தக் கருவி சொல்லிவிடும். அறிந்தால் சிவப்பு, அறியாவிட்டால் பச்சை. எப்போது பார்த்தது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

தெரிய வேண்டியதும் இல்லை என்று ஒன்பது வருடம் முன்பு இதே மன்றத்தில் வாதாடி வென்றவள் மரகதவல்லிதான். முன்தேதியிட்ட நோட்டுகளும் வாடகைச் சாட்சிகளும் மலிந்து கிடந்த நாட்கள் அவை. அவள் வென்ற பிறகு அந்தப் பொய் வியாபாரம் படுத்தது. அவள் பெயரால் ஒரு விதியே வழங்கலாயிற்று. அந்தப் பெருமையை அவள் வெகுநாள் அனுபவித்தாள்.

அந்த விதியால்தான் எதிர்த்தரப்புப் படங்கள் முத்திரையிட்ட உறையில் வரும். வக்கீல் தனியே பார்க்கலாம், கட்சிக்காரர் பார்க்கக்கூடாது. ஆனால் முப்பது வருடத் தொழில் பழக்கம் யாரை விட்டது? கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கோப்பை அவர் பக்கம் திருப்பி, "இதைத்தான் காப்பியடிச்சீங்கன்னு சொல்றாங்க, பாருங்க" என்பது விதி வருமுன்பே அவள் கையில் ஊறிப்போன வழக்கம். வெள்ளையடித்த அவள் அறை பத்திரமானது என்று நம்பிச் சேவுகப்பெருமாள் போன மாதம் ஒருநாள் அங்கே கண்மறைப்பியைக் கழற்றியிருந்தார். கோப்பு திரும்பியது. அரை நொடி. "ஐயோ, மூடுங்கம்மா!" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அரை நொடிதானேண்ணே, ஒண்ணும் ஆகாது," என்றாள் அவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது யானை, நசுங்கப் போவது பக்கத்தில் நின்ற மனிதர்.

மன்றத்தில் கருவியை மாட்டினார்கள். படத்தைக் காட்டினார்கள். விளக்கு சிவப்பாக எரிந்தது.

மரகதவல்லி எழுந்தாள். "ஐயா, தப்பு என்னுது. என் அறையில நான்தான் காட்டினேன், போன மாசம். குடம் அதுக்கு ஒரு வருசம் முன்னாடியே செஞ்சது. என் மேல நடவடிக்கை எடுங்க, வக்கீல் பட்டத்தைப் பிடுங்குங்க. இவரை விட்டுருங்க."

மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"எப்போது பார்த்தார் என்று இந்த மன்றம் கேட்பதில்லை, அம்மா. கேட்டால் பொய்க்குக் கதவு திறந்துவிடும் என்று சொன்னது நீங்கள்தான். இன்று உங்களுக்குத் திறந்தால் நாளை யாருக்குச் சாத்துவேன்?"

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. உரிமத்தையும் கண்மறைப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வாசலில் சேவுகப்பெருமாள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவள் காலில் விழப் போனாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்கம்மா. பதினோரு வருசம் ஆச்சு, ஊரைக் கண்ணாரப் பாக்குறேன்."

பார்த்தார். கடைகளுக்கு அலங்காரம் இல்லை. நாற்காலி, செருப்பு, சைக்கிள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே நேர்க்கோடு. யாருக்கும் சொந்தமில்லாத பொதுவடிவம் அது ஒன்றுதான். எதிரே தண்ணீர் லாரி நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோர் இடுப்பிலும் பெட்டிபோலச் சதுரக் குடம்.

"இதைப் பாத்துரக் கூடாதுன்னா கண்ணைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்?" என்றார். பிறகு, "அந்தச் சென்னைக்காரங்க குடத்தை ஒருத்தர்கிட்டயும் காணோமே?" என்று கேட்டார்.

"அவங்க செய்யுறதில்லைண்ணே. பதிஞ்சு வச்சதோட சரி."

வரிசையிலிருந்து ஒருத்தி நிறைகுடத்தோடு நகர்ந்தாள். குடத்தின் முனை இடுப்பில் குத்தக் குத்த, பக்கம் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தாள். சேவுகப்பெருமாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அறியாமல் வலது கை எழுந்து காற்றில் ஒரு வளைவை மெல்ல வரைந்தது.

மரகதவல்லி பதறி அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"இறக்குங்கண்ணே. யாராவது பாத்துரப் போறாங்க."